பராக்கும் கண்மாயும்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் அருப்புக்கோட்டை வந்துவிடும். சென்ற ஆவணித் திங்களில் ஒரு நாள் காலை அவ்வழியே பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். சாலையின் இருமருங்கும் உழுது போட்ட கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சீமைக் கருவேல மரங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை மனமிரங்கினால், இதே மண்ணில் பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் மிளகாயும் தலைநிமிரும். இரங்காவிடில் அவ்வாண்டு இல்லை. வானம் பார்த்த பூமி என்று முன்னோர் இதனை அழைத்தது வெறும் அலங்காரத்திற்காக அன்று.

இவ்வழியே நாம் சிறுவயதில் சென்ற பயணங்கள் நினைவுக்கு வந்தன. அக்காலத்தில் பேருந்தில் அமர்ந்திருப்போர் இருபுறமும் பார்த்துக்கொண்டே வருவர். இந்தக் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, அந்தக் கரை உடைந்திருக்கிறது, இன்னார் புஞ்சையில் பருத்தி வெடித்துவிட்டது என்று முன்பின் அறியாதவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். நிலத்தைப் பார்ப்பதும் மனிதரோடு பேசுவதும் ஒன்றாகவே நடந்தன. இன்றோ பேருந்து முழுவதும் கவிழ்ந்த தலைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு செல்பேசி. பூமி வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. பேருந்தில் வானத்தைப் பார்ப்பார் ஒருவருமில்லை. பிறரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. அக்கவிழ்ந்த தலைகளில் நம்முடையதும் ஒன்று.

தறியின் அருகே

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். நூற்பாலைகளும் விசைத்தறிகளும் பெருகிய பின்னரும் கைத்தறியின் ஓசை சில தெருக்களில் இன்னும் கேட்கிறது. நண்பர் ஒருவர் வழிகாட்ட, அத்தகைய தெருவொன்றில் முதிய நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றோம். அகவை எழுபதைக் கடந்தவர். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, தறியின் முன் அமர்ந்திருந்தார். கால் மிதிக்கப் பாவு இரண்டாகப் பிரிந்தது. கை கயிற்றை இழுக்க நாடா இப்புறமிருந்து அப்புறம் பாய்ந்தது. சேலை விரற்கடை விரற்கடையாக வளர்ந்தது.

“ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் எப்படித் தெரிகிறது, அண்ணாச்சி?” என்று வினவினோம்.

“கண்ணைவிடக் காதுதாங்கய்யா முந்திக்கும். சத்தம் மாறும். மனசு வேற எங்கயாவது போயிருந்தா அந்தச் சத்தம் கேக்காது. நாலு விரக்கடை நெஞ்ச பெறகுதான் தெரியும். அப்பறம் பிரிக்கணும்” என்றார்.

நாம் வியந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் நாடாவை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, “எம் மகன்கூட நல்லாத்தான் நெய்வான்...” என்று தொடங்கினார். அவ்வேளையில் நம் சட்டைப் பையில் செல்பேசி சிணுங்கிற்று. எடுத்துப் பார்த்தோம். ஏதோவொரு கடையின் தள்ளுபடி அறிவிப்பு. அதனைத் தள்ளிவிட்டால் அதன் கீழே ஓர் உறவினர் அனுப்பிய யானைக் குட்டியின் படக்காட்சி. அதன் கீழே இன்னொன்று. இரண்டு நிமிடத்திற்கு மேல் இராது. தலை நிமிர்ந்தபோது தறி மீண்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மகனைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீர்களே, அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்லய்யா. நீங்க பாருங்க, அவசரமா இருக்கும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மை வருத்திற்று. தெருமுனைத் தேநீர்க் கடையில் நண்பர் மெல்ல விவரத்தைச் சொன்னார். பெரியவரின் இளைய மகன் செல்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடும் பழக்கத்தில் விழுந்தான். நூறில் தொடங்கியது ஆயிரங்களாயிற்று. தங்கையின் திருமணத்திற்கென்று சேர்த்த சீட்டுப் பணமும் போயிற்று. தந்தையின் முகத்தில் விழிக்க நாணி, திருப்பூருக்குப் போய்விட்டான். இரண்டு ஆண்டுகளாகப் பெரியவர் இதனை யாரிடமும் வாய்திறந்து பேசியதில்லை. அன்று நம்மிடம் பேச வந்தார். நாமோ யானைக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகனை அவரிடமிருந்து பிரித்த கருவி எதுவோ, அதுவே அவருடைய துயரத்தைக் கேட்க வந்த செவியையும் அடைத்தது. இவ்வுண்மை அன்று முழுவதும் நம்மோடு வழிநடந்தது.

பராக்கு என்னும் சொல்

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பழகிய பழஞ்சொல் ஒன்று உண்டு: பராக்கு. ஜெபவேளையில் மனம் பொருந்திப் பராக்குக்கு இடம் கொடுத்தோமா என்று பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆராய்ந்து பார்க்கச் சிறுவயதில் நமக்குக் கற்பித்தார்கள். பராக்கு என்றால் கவனச் சிதறல். ஆனால் அரசன் பவனி வரும்போது கட்டியக்காரன் எழுப்பும் குரலும் “பராக்! பராக்!” என்பதே. அங்கே அதன் பொருள், கவனியுங்கள் என்பது. ஒரே சொல் கவனத்தையும் குறிக்கிறது, கவனக் கேட்டையும் குறிக்கிறது. சற்றே எண்ணிப் பார்த்தால் இதில் முரண்பாடில்லை. அரண்மனைச் சேவகன் “பராக்” என்று கூவும்போது, வழியில் நிற்பவன் தான் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாகிறது. ஒருவன் பிறருடைய கவனத்தைக் கைப்பற்றுவது, மற்றவனுக்குப் பராக்காக முடிகிறது.

இன்று அக்கட்டியக்காரன் நம் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறான். அவனுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

இவ்வாணிபத்தின் வேர் பழையது. 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெஞ்சமின் டே என்பவர் ‘நியூயார்க் சன்’ என்ற நாளிதழைத் தொடங்கினார். பிற இதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்றபோது அவர் ஒரு சென்ட்டுக்கு விற்றார். இழப்பை ஈடுகட்டியவை விளம்பரங்கள். அதாவது, வாசகனுக்குச் செய்தியை விற்பதைக் காட்டிலும், வாசகனின் கண்ணை விளம்பரக்காரருக்கு விற்பதே வருவாயாயிற்று. பிற்காலத்தில் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1971-லேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். செய்திகள் பெருகப் பெருக, அவற்றை உட்கொள்ளும் மனிதக் கவனம் பஞ்சப்படும் என்பது அதன் சாரம். பஞ்சப்பட்ட பொருளுக்கு விலை ஏறும் என்பதை இவ்வறண்ட நாட்டு மக்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ!

கவனத்தைப் பிடித்து வைக்கும் கலைக்கு உளவியலும் கைகொடுத்தது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞர் புறாக்களைக் கூண்டிலிட்டு ஆராய்ந்தார். விசையைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துவந்த புறா, தீனி நின்றவுடன் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், சிலவேளை கிடைத்தும் சிலவேளை கிடைக்காமலும் பழகிய புறாவோ விடாது கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்டத்தின் இரகசியம் இதுதான். செல்பேசியை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கும் நம் கையின் இரகசியமும் இதுவே. பத்தில் ஒன்றேனும் நமக்கு வேண்டிய செய்தியாக இருக்கிறதன்றோ!

இவ்விடத்தில் இவ்வூரின் வரலாற்றுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றே எம்.ஜி.இராமச்சந்திரன் முதன்முறையாக முதலமைச்சரானார். வெள்ளித்திரை தமிழ் மக்களின் உள்ளத்தை எவ்வளவு ஆழமாக ஈர்த்தது என்பதற்கு இவ்வூரே சான்று. சினிமாவைப் பற்றி நம் பெரியோர் அன்று கவலைப்பட்டதும் உண்டு. ஆயினும் எந்தப் படத்திற்கும் இறுதியில் ‘சுபம்’ என்று ஒரு முடிவு இருந்தது. விளக்குகள் எரியும், மக்கள் எழுந்து வீடு திரும்புவர். 2006-ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்ற கணினி வல்லுநர், திரையை விரலால் தள்ளத் தள்ளக் கீழிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும் முறையொன்றை வகுத்தார். அதற்கு அடியில்லை, முடிவில்லை, ‘சுபம்’ இல்லை. பிற்காலத்தில் அவரே இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றிற்று. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. வழக்குகள் பல நடந்தன. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நுழையலாகாது என 2025-இல் மாநில விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மனிதன் இரவில் உறங்கவேண்டும் என்பதை விதி எழுதிக் காக்க வேண்டிய நிலை வந்தது என்றால், பராக்கின் வலிமையை என்னென்பது! சட்டம் நல்லதே. ஆனால் நெசவாளரின் மகனுக்கு அது காலந்தாழ்ந்து வந்தது.

மடையின் திறவுகோல்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் திருச்சுழி. வழியில் ஒரு கண்மாய்க் கரையில் இறங்கி நின்றோம். உள்வாயெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்றே வரவேற்கப்பட்டது. ஏழைகளின் அடுப்பை அது எரித்தது என்பதும், கரிமூட்டம் போடுவோருக்கு இன்றும் சோறு போடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அது வேலியோடு நிற்கவில்லை. வரத்துக்கால்களில் புகுந்தது, கண்மாய்க்குள் இறங்கியது. செல்பேசியின் கதையும் ஏறக்குறைய இதுதான். தொலைவிலுள்ள மகனின் குரலைக் கேட்கத்தான் அதனை வாங்கினோம்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மடையைக் காட்டினார். “தண்ணி பெருகிட்டா மட்டும் போதாதுங்க. மடை நம்ம கையில இருக்கணும். முன்னெல்லாம் நீர்பாய்ச்சிய ஊர்தான் வைக்கும். யார் வயலுக்கு எப்ப, எம்புட்டுன்னு அவருக்குத்தான் தெரியும். ஆளில்லாத மடையில தண்ணி தானா போயிரும்” என்றார்.

அவர் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார். நமக்கோ அது நம்மைப் பற்றியதாகவே கேட்டது. ஒரு நாளைக்கு நமக்குக் கிடைக்கும் கவனமும் கண்மாய்த் தண்ணீரைப் போன்றது, அளவானது. அதில் பிள்ளைக்கு ஒரு பங்கு, முதிய பெற்றோருக்கு ஒரு பங்கு, தொழிலுக்கு ஒரு பங்கு, இறைவனுக்கு ஒரு பங்கு. மடையின் திறவுகோலை முகமறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வயல் காய்கிறதே என்று அழுவதால் பயன் என்ன?

திருச்சுழியில் நண்பகல்

திருச்சுழி குண்டாற்றங்கரையில் அமைந்த பழம்பதி. சுந்தரர் பதிகம் பெற்ற சிவத்தலம். பெருவெள்ளம் சுழித்து நிலத்துள் மறைந்ததால் சுழியல் என்ற பெயர் வந்ததென்பது தலபுராணம். நாம் சென்ற அன்று ஆற்றில் மணல்தான் இருந்தது. இவ்வூரில்தான் 1879 டிசம்பர் 30-ஆம் நாள், சுந்தரம் ஐயர் என்ற வழக்காடுநரின் மகனாக வேங்கடராமன் பிறந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. அவர் பிறந்த இல்லம் நினைவிடமாகப் பேணப்படுகிறது.

1896 ஆகஸ்டு 29-ஆம் நாள், மதுரையில் பயின்றுகொண்டிருந்த அச்சிறுவன், படிக்காத பாடத்திற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பகுதியொன்றை மும்முறை எழுத உட்கார்ந்தான். மனம் அதில் ஒட்டவில்லை. ஏட்டை மூடிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். தமையனார் கடிந்துகொண்டார். அன்றே வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை அடைந்தான். 1950-இல் மறையும்வரை அவ்விடம் விட்டு அகலவில்லை. பாடத்தில் கவனமில்லாத பிள்ளைகள் இதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்! அவர் கவனமிழந்தவர் அல்லர்; தம் கவனம் எங்கே சேர வேண்டும் என்று கண்டுகொண்டவர். எழும் எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காமல், இவ்வெண்ணம் யாருக்கு எழுந்தது என்று வினவித் திரும்பு என்பதே அவர் காட்டிய வழி.

நம் விசுவாசம் வேறு, அவர் நெறி வேறு. ஆயினும் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. 1949-இல் பிரெஞ்சு நாட்டு பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ, தந்தை மொன்ஷானேனுடன் ரமணரைக் காணச் சென்றார். முதலில் அவருக்கு ஏமாற்றமே மிஞ்சிற்று. ஆசிரமத்திலிருந்த ஆங்கில மாது ஒருவர், நீங்கள் மனத்தில் மிகுந்த மூட்டைகளோடு வந்திருக்கிறீர்கள் என்ற பொருள்பட அவரிடம் கூறினாராம். மறு ஆண்டு இவ்விரு குருக்களும் குளித்தலையருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினர். மூட்டை சுமந்து வருவோர் செல்பேசி வைத்திருப்போர் மட்டுமல்லர் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

நண்பகலில் ஒரு திண்ணையில் அமர்ந்தோம். செல்பேசியை அணைத்தே வைத்திருந்தோம். ஆயினும் கால்மணி நேரத்திற்குள் நம் கை தானாகவே பைக்குச் சென்றது, ஒருமுறையன்று, மும்முறை. நாலாம் நூற்றாண்டில் எகிப்திய பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதனை நன்கறிந்திருந்தார். நண்பகலில் ஒருவகைச் சோர்வு துறவியைப் பிடிக்கும். அவன் மீண்டும் மீண்டும் சாளரத்தை நோக்குவான். வெளியே வந்து சூரியன் நகர்ந்ததா என்று பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான் என அவர் விவரிக்கிறார். சாளரம் அன்றும் இருந்தது. இன்று அதனைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அன்றைய சாளரத்திற்கு அப்பால் பாலைவனம்; இன்றைய சாளரத்திற்கு அப்பால் நம்மைக் கூவியழைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். வேறுபாடு அவ்வளவே.

அவர் கண்ட மருந்து, இருந்த இடத்தில் இருப்பது. எரிக்கோ நகரத்து வழியில் நம் ஆண்டவர் செய்ததும் அதுவன்றோ? பெருந்திரள் நெருக்க, சீடர் விரைய, வழியோரத்தில் பர்த்திமேயு என்ற குருடன் கூவினான். பலர் அவனை அதட்டினர். ஆண்டவரோ நின்றார். அவனை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். பார்வை தந்த புதுமைக்கு முன்னே, நின்று கேட்டாரே, அதனையும் நாம் தியானிக்க வேண்டும்.

மீண்டும் தறியருகே

மாலையில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பியதும் நேரே அந்த நெசவாளர் இல்லத்திற்குச் சென்றோம். “காலையில் நீங்கள் பேச வந்தபோது நாம் கவனிக்கவில்லை. மன்னிக்க வேண்டும், அண்ணாச்சி” என்றோம். அவர் பதில் சொல்லாமல் உட்காரப் பலகையை நகர்த்தினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். அவர் நூல் விலையைப் பற்றிப் பேசினார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். நெடுநேரம் ஒன்றும் பேசாமலும் இருந்தார். மகனைப் பற்றி நாம் கேட்கவில்லை. விடைபெற எழுந்தபோது, வாசல்வரை வந்தார்.

“எளையவன் திருப்பூர்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவுக்குப் போன் பேசுவான். எங்கிட்டப் பேச மாட்டான்” என்றார். சற்றுப் பொறுத்து, “அடுத்த வாரம் நான் வாங்கிப் பேசலாமான்னு இருக்கேன்” என்றார்.

“பேசுங்கள், அண்ணாச்சி” என்பதைத் தவிர நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை. சீரழித்த கருவியே சேர்த்து வைக்கவும் வழியாகலாம். மடை யார் கையில் என்பதுதான் கேள்வி.

அன்பார்ந்த குடும்பத்தினரே, கண்மாயைச் செப்பனிட நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் வைத்திருந்தனர். ஊரார் அனைவரும் மண்வெட்டியோடு கூடுவர். தமிழக அரசும் 2017-இல் அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. தனியொருவனால் கரையை அடைக்க முடியாது. பிள்ளையை மட்டும் அதட்டிவிட்டுத் தந்தை தம் செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால் எந்தக் கரையும் நிற்காது. ஆகவே, வீட்டார் அனைவரும் சேர்ந்து ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்குவோம். மாலை ஜெபமாலை முதல் இரவு உணவு முடியும்வரை, எல்லாச் செல்பேசிகளும் ஒரு பெட்டிக்குள் உறங்கட்டும். பெரியவர்களுடையவை முதலில் உள்ளே போகட்டும். முதல் வாரம் கை பைக்குச் செல்லும். அஞ்ச வேண்டாம், எகிப்தியத் துறவிகளுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் யாரேனும் ஒருவர், நெடுநாள் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கக்கூடும்.

அவ்வேளை நாம் அங்கே இருப்போமாக.